குஞ்சு நிற்கும் உயரம்

நாச்சிமுத்து போய் நின்றபோது கலாமணி குஞ்சுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். விடிந்ததும் வந்திறங்கிய குஞ்சுகள். ஒவ்வொன்றாக எடுத்து, அலகை ஒரே ஒரு முறை வெல்லத் தண்ணீரில் தொட்டுவிட்டு, உமியின் மேல் விடுவாள். ஆயிரத்து இருநூறு குஞ்சு. ஒன்றைக்கூட அப்படியே விடவில்லை.

அவர் அரை மணி நேரம் நின்றார். கடைசிக் குஞ்சு உமியில் இறங்கி இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

"சொல்லுங்ணா."

"எத்தன டிகிரி வெக்கறீங்கம்மணி?"

கலாமணிக்கு முப்பத்து நாலு வயது. நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. குண்டடம் பக்கத்துப் பத்து ஊருக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு அவள் கொட்டாயிலிருந்துதான் போகும். ஒரு நாள் குஞ்சாக வாங்கி, மூன்று வாரம் சூட்டில் வைத்துத் தேற்றி அனுப்புவாள். அவள் கொட்டாயில் குஞ்சு சாகாது என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவர் வந்திருந்தார்.

"எதுக்கு டிகிரி?"

"சூடுங்க."

"நீங்க எத்தன வெச்சீங்க?"

"தொண்ணூத்தஞ்சு. ஒரு டிகிரி ஏறல, ஒரு டிகிரி எறங்கல. மணிக்கொருக்கா பாத்து நோட்டுல எழுதி வெச்சிருக்கறேனுங்க."

"செரியாத்தான இருக்குது?"

"செரியா இருந்துதாங்க செத்துச்சு."

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் ஒரு குஞ்சுக்காரனிடம் ஐநூறு குஞ்சு வாங்கினார். நாலு நாளில் முந்நூற்றுப் பத்து போய்விட்டது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, குவியலாக, அடியில் கிடந்தது நசுங்கி. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் பாய்லர் ஓட்டியவர். பட்டறையை மூடியதும் ஊருக்கு வந்து, இருந்த இடத்தில் ஒரு கொட்டாய் போட்டு, இனி உயிரோடு இருக்கிற ஒன்றை வளர்க்கலாம் என்று ஆசைப்பட்டவர். பாய்லருக்குப் பக்கத்தில் பாதி ஆயுளைக் கழித்த மனுஷன் கோழிக்குஞ்சைக் குளிரில் சாகடித்துவிட்டான் என்று ஊர் சிரித்தது. அவருக்கும் அதுதான் புரியவில்லை.

"தெர்மாமீட்டர் எங்க தொங்குச்சு?" என்று கேட்டாள் கலாமணி.

நாச்சிமுத்து உள்ளங்கையைத் தன் மூக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"இங்கீங்க. மீட்டருன்னா கண்ணுக்கு நேராத்தான இருக்கோணும்? பாய்லர்ல அப்புடித்தானுங்க. குனிஞ்சு பாக்கற மாதிரி மாட்டுனா மொதலாளி வைவாரு."

அவள் சிரிக்கவில்லை. கொட்டாய்க்குள் நாலு தகர வளையங்கள் நின்றன. முழங்கால் உயரத் தகடு. மூலையில் குஞ்சு போய் ஒடுங்கிவிடக் கூடாது என்று வட்டமாக வளைத்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மூங்கில் கூடை கவிழ்ந்து தொங்க, அதற்குள் மூன்று குண்டு பல்பு. அவள் முதல் வளையத்தின் தகட்டை விலக்கினாள்.

"சட்டையக் கழட்டிட்டு உள்ள படுங்ணா."

"என்னுங்க?"

"கன்னம் உமியில படோணும்."

நாச்சிமுத்து கனத்த ஆள். பெண்பிள்ளை முன்னால் சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டு, சட்டையோடே படுத்தார். குஞ்சுகள் நாலாப் பக்கமும் சிதறி ஓடின. கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்து அவர் காதைக் கொத்திப் பார்த்தது. இன்னொன்று அக்குளில் நுழைந்துகொண்டது. அப்புறம் அந்த வளையத்து முந்நூறு குஞ்சும் அவரை ஒரு மேடு என்று எடுத்துக்கொண்டு தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கின.

கலாமணி அவரை மறந்துவிட்டவள் போல வேறு வளையத்துக்குப் போய்விட்டாள். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது.

"என்ன தெரியுதுங்ணா?"

"வலது கன்னம் காயுது. காலுல சில்லுங்குது."

"எங்கிருந்து?"

அவர் படுத்தபடியே கையை நீட்டினார். கதவுக்கு அடியில் நாலு விரல் சந்து. அது வழியாகக் காற்று, தண்ணீர் மாதிரி, தரையோடு தரையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"நின்னப்ப தெரிஞ்சுச்சுங்களா?"

"இல்லீங்க."

அவள் ஒரு சாக்கைச் சுருட்டி அவர் பக்கம் எறிந்தாள். அவர் எழுந்து போய்ச் சந்தை அடைத்தார். திரும்பி, "செரியாங்கம்மணி?" என்றார்.

கலாமணி உமியைக் காட்டினாள். மறுபடியும் படுக்கும்படி தலையை அசைத்தாள்.

*

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஈஸ்வரி அவர் தலையிலிருந்து உமியைத் தட்டிவிட்டாள்.

"எங்க போயி உருண்டுட்டு வாறீங்க?"

"படிக்கப் போனேன்."

"நல்ல படிப்பு. குஞ்சுக்காரன் போன் பண்ணுனான். வெள்ளிக்கெழம வண்டி வரோணுமா வேண்டாமான்னு நாளன்னிக்குப் பொழுதுக்குள்ள சொல்லோணுமாமா."

"சொல்லலாம்."

"என்னன்னு சொல்றது? மறுக்காவும் அந்தக் குவியல அள்ளிப் பொதைக்க என்னால ஆகாதுங்க. இன்னொருக்கா செத்துச்சுன்னா கொட்டாயப் பிரிச்சுப் போட்டுட்டு மில்லு வாசல்ல வாட்ச்மேனாப் போயி உக்காந்துக்கங்க. அங்க ஒண்ணும் சாகாது."

அவள் சொன்னதில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு வலித்தது. முந்நூற்றுப் பத்தையும் அவளும்தான் அள்ளினாள்.

*

மறுநாள் காலையில் கலாமணி அவரைக் கொட்டாய்க்குள்ளேயே விடவில்லை. வெளியில் ஒரு கல்லைக் காட்டினாள்.

"உக்காந்து கேளுங்ணா."

"என்னத்தங்க?"

"கேக்கறதக் கேளுங்க."

முதலில் வெறும் இரைச்சல். ஆயிரத்து இருநூறு தொண்டை ஒன்றாகச் சேர்ந்தால் அதில் என்ன பிரித்துக் கேட்பது? ஆனால் நாச்சிமுத்துவுக்கு உட்காரப் பழக்கம் உண்டு. பாய்லர் முன்னால் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர். மீட்டர் சொல்வதற்கு முன்னாலேயே அதன் வயிற்றில் ஏதோ பிசகு என்று காது சொல்லிவிடும். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

பதினோரு மணி வாக்கில் இரைச்சல் பிரிந்தது. மூன்று பக்கம் முணுமுணுப்பு. சாப்பிட்டுவிட்டுச் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருப்பது மாதிரி. நாலாவது பக்கம் அப்படி இல்லை. அங்கே குரல் மேலே எழும்பிக் கூர்மையாக இருந்தது.

"கெழக்கு வளையத்துல ஏதோ செரியில்லீங்க" என்று வெளியிலிருந்தே கத்தினார்.

உள்ளே கலாமணி போய்ப் பார்த்தாள். கூடைக்குள் ஒரு பல்பு அணைந்திருந்தது. குஞ்சுகள் மிச்சம் இரண்டு பல்புக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அவள் பல்பை மாற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"எப்புடித் தெரிஞ்சுதுங்ணா?"

"தெரீலீங்க. ஆனாத் தெரிஞ்சுது."

முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

மத்தியானம் அவரை உள்ளே விட்டாள். அன்று முழுக்க அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. அவள் ஒரு குஞ்சை எடுப்பாள், அதன் இரண்டு பாதத்தையும் தன் கன்னத்தில் ஒட்டுவாள், இறக்கி விடுவாள். கூடையின் கயிற்றை ஒரு விரல் உயர்த்துவாள். இன்னொரு வளையத்தில் அரை விரல் தாழ்த்துவாள். தொண்டைக்குக் கீழே இரையைத் தடவிப் பார்ப்பாள். அவசரம் கிடையாது. நின்றுவிடுவதும் கிடையாது. அவள் தகட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் ஒரு குஞ்சும் ஓடாது. குனிந்து குனிந்தே அவள் முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. கோயிலில் நிற்கிறபோதுகூட வராத ஓர் அடக்கம் நாச்சிமுத்துவுக்கு அந்தக் கொட்டாயில் வந்தது.

அவரும் செய்து பார்த்தார். ஒரு குஞ்சை எடுத்துப் பாதத்தைக் கன்னத்தில் வைத்தார். "வெதுவெதுன்னு இருக்குது. செரியாங்க?"

பதில் இல்லை.

கயிற்றை ஒரு விரல் உயர்த்தினார். "இது செரியாங்க?"

அதற்கும் இல்லை.

*

மூன்றாம் நாள் அவர் போனபோது கலாமணி நல்ல சேலை கட்டி, தோளில் பையோடு வாசலில் நின்றாள்.

"தாராபுரத்துல ஒரு கெடா வெட்டு. பொழுதுக்குள்ள வந்துருவேன். பாத்துக்கங்க."

"யாருங்க?"

"நீங்கதான். இங்க வேற யாரு இருக்கறா?"

நாச்சிமுத்து அவள் வழியை மறித்து நின்றார்.

"அம்மணி, நான் யாருன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? முந்நூத்துப் பத்து..."

"தெரியுங்ணா."

"ஒரு தெர்மாமீட்டராச்சும் குடுத்துட்டுப் போங்க."

"எங்கிட்ட இல்லீங்ணா."

"போனு?"

"கெடா வெட்டற தோட்டத்துல டவரு கெடைக்காது." கிளம்பியவள் திரும்பி, "கரி மூலையில இருக்குது. கரண்டு போனா வேணும்" என்றாள். வடக்கே வானம் கருத்திருந்தது. அதை அவளும் பார்த்தாள், அவரும் பார்த்தார். அவள் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

பத்து மணிக்கு மழை இறங்கியது. ஐப்பசி மழை, வாடைக் காற்றோடு. பதினொன்றுக்குக் கரண்டு போனது. பன்னிரண்டு பல்பும் ஒரே நேரத்தில் அணைய, ஆயிரத்து இருநூறு தொண்டையும் ஒரே நேரத்தில் எழும்பின. அது அவர் கேட்ட சத்தம்தான். அவர் கொட்டாயில், முதல் ராத்திரி, இதே சத்தம்.

கரண்டைக் கொண்டுவர அவரால் முடியாது. ஆனால் தீ என்று வந்தால் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தாழ்வாரத்தில் கொட்டாங்குச்சிக் கரியைக் கொட்டி, விசிறி, கனிய வைத்து, எட்டு மண்சட்டியில் அள்ளி, ஓட்டை போட்ட தகர மூடியால் மூடி, வளையத்துக்கு இரண்டாகக் கொண்டுபோய் வைத்தார். குஞ்சுகள் சட்டியைச் சுற்றி நெருங்கின. நெருங்கி, மெல்லக் கலைந்தன. கத்தல் இறங்கியது.

அப்புறம் அவர் காற்றை வேட்டையாடினார். நாலு பக்கமும் கம்பி வலையை மறைத்துத் தொங்கிய படுதாவை இறுக்கிக் கட்டினார். கதவுச் சந்தில் சாக்கு. படுதாவின் ஓரத்தில் செங்கல். மேலே கூரையோடு சேருகிற இடத்தில் வைக்கோல் திணித்தார். தரையில் படுத்து, நாலு வளையத்திலும் கன்னத்தை வைத்துப் பார்த்தார். எங்கும் சில்லென்று ஒன்றும் இல்லை. பாய்லர் மாதிரி அடைத்தாகிவிட்டது.

ஒரு மணிக்கு மேல் கொட்டாய் அமைதியானது. கதவோரமாக உட்கார்ந்து தூக்குப் போசியைத் திறந்தார். ஈஸ்வரி எலுமிச்சைச் சோறு கட்டியிருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டார். நிம்மதியில் தலை கனக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை.

நேற்றுக் கேட்ட அமைதியில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. இதில் அது இல்லை. இதில் ஒன்றுமே இல்லை.

எழுந்தார். நின்று பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. குஞ்சுகள் பரவலாக, கழுத்தை நீட்டி, இறக்கையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தன. படுத்தார். பக்கத்தில் இருந்த ஒன்றை விரலால் தொட்டார். அது எழவில்லை. கையில் எடுத்தார். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. உடம்பு சூடாக இருந்தது.

தலை கனத்தது எதனால் என்று அப்போதுதான் உறைத்தது. எட்டுச் சட்டித் தீயை உள்ளே வைத்துவிட்டு, புகைபோக்கி இல்லாமல் ஒரு பாய்லரைக் கட்டியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் இந்தத் தப்பைச் செய்திருந்தால் பட்டறையில் ஆளே இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் வெளியே வாடை. திறந்தால் உள்ளே வருவது அதுதான். முந்நூற்றுப் பத்தைக் கொன்றதும் அதுதான். படுதாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்பதற்கு யாரும் இல்லை. கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மழைதான் பெய்துகொண்டிருந்தது.

காற்று வடக்கிலிருந்து. அவர் தெற்குப் பக்கம் ஓடினார். திணித்த வைக்கோலைப் பிடுங்கி எறிந்தார். முடிச்சை அவிழ்த்து, படுதாவை மேலிருந்து ஒரு முழம் இறக்கினார். போதவில்லை என்று பட்டது. இன்னொரு முழம். நாலு சட்டியை வெளியே தூக்கி வைத்தார். முறத்தை எடுத்துக் குனிந்து, உமி பறக்காமல், தரையை ஒட்டி விசிறினார். முதுகு பிளந்துவிடும் போல வலித்தது.

குளிர் வந்தது. காலில் உணர்ந்தார். வரட்டும் என்று விசிறினார்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

அப்புறம் மேற்கு வளையத்தில் ஒன்று கத்தியது. கோபமாக, கூர்மையாக, குளிருது என்று. அதைக் கேட்டு இன்னொன்று. அப்புறம் பத்து. அப்புறம் கொட்டாய் முழுக்கக் கூச்சல். எந்தச் சத்தத்தை நினைத்து மூன்று வாரமாகத் தூக்கம் போயிற்றோ அதே சத்தம். நாச்சிமுத்து முறத்தோடு அப்படியே உமியில் உட்கார்ந்து, "கத்துங்கடா, நல்லாக் கத்துங்க" என்றார். கண்ணில் நீர் கொட்டியது. புகை என்று துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவருக்கு மணி தெரியவில்லை. படுதாவை அரை முழம் ஏற்றுவார், படுப்பார். குஞ்சுகள் ஒட்டிக்கொண்டால் சட்டியை நெருக்குவார். வாயைப் பிளந்துகொண்டு தகட்டோரம் ஒதுங்கினால் விலக்குவார். ஒரு வளையம் முடிந்தால் அடுத்தது. வெளியே இருந்த சட்டிகளை ஒவ்வொன்றாக, பார்த்துப் பார்த்து உள்ளே கொண்டுவந்தார். யாரிடமும் செரியா என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

இடையில் ஈஸ்வரி கூப்பிட்டாள். கன்னம் உமியில் இருக்க, போனை மறு காதில் வைத்தார்.

"குஞ்சுக்காரனுக்கு என்ன சொல்லட்டும்?"

"வரச் சொல்லு."

"பயமில்லீங்களா?"

"இருக்குது. வரச் சொல்லு."

*

ஐந்தரைக்குக் கரண்டு வந்தது. மழையும் விட்டிருந்தது. பல்புகளுக்கு அடியில் குஞ்சுகள் பரவிப் படுத்தன, முணுமுணுப்பு தொடங்கியது. ஏழு குஞ்சு எழவே இல்லை. அவற்றை ஒரு தட்டில் எடுத்து வைத்தார். மிச்சம் எல்லாம் இருந்தது.

தண்ணீர்க் கிண்ணங்கள் காலி. தொட்டியும் காலி. மோட்டாரைப் போட வேண்டும். கொட்டாயிலிருந்து நாற்பது எட்டு தூரத்தில் கிணற்றடியில் மோட்டார் ரூம். அவர் போய்க் கதவைத் தள்ளினார்.

உள்ளே, கவிழ்த்த ஒரு வாளியின் மேல் கலாமணி உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை முழங்கால் வரை சேறு. பை மடியில். ஜன்னல் மாதிரி இருந்த ஓட்டைக்கு நேராக முகம். அதிலிருந்து பார்த்தால் கொட்டாயின் தெற்குப் பக்கம் முழுசாகத் தெரியும்.

நாச்சிமுத்து அவள் சேலையைப் பார்த்தார்.

"கெடா வெட்டுக்குப் போகலீங்களா?"

"பஸ்ஸு வந்துச்சுங்ணா. ஏற முடியல."

"எப்ப வந்தீங்க?"

"அப்பவே."

"கரண்டு போனது..."

"தெரியும்."

"அத்தனையும் கண்ணு சொருகிக் கெடந்துச்சுங்க. மொத்தமும் போயிருச்சுன்னே நெனச்சேன்."

"சத்தம் நின்னப்ப எனக்கும் அப்புடித்தான் பட்டுச்சு." அவள் விரல் நுனிகள் ஈரத்தில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றை மடியில் ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டிருந்தாள். "கதவு வரைக்கும் ரெண்டு தடவ வந்தேன். மூணாவது தடவ வாறதுக்குள்ள தெக்குப் பக்கம் படுதா எறங்குச்சு."

"ஏழு போச்சும்மணி." அவர் குரல் உயர்ந்தது. வந்த நாளிலிருந்து அவளிடம் அப்படி அவர் பேசியதில்லை. "நாப்பது எட்டுத் தூரத்துல உக்காந்துட்டு இருந்திருக்கீங்க. உள்ள வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ஏழும் இருந்திருக்குமே? ஏன் வரல?"

கலாமணி எழுந்தாள். மரத்துப்போயிருந்த காலை உதறிக்கொண்டு, ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் முனகி, பிடித்து, ஓடத் தொடங்கியது.

"வந்திருப்பேனுங்ணா. வந்திருந்தா, நீங்க குஞ்சுகள உட்டுட்டு என்ர மூஞ்சியப் பாத்திருப்பீங்க."